பூட்டிக் கிடந்த மாதா கோயிலை மறுபடி திறப்பது எப்படி?

முதலில் சாவியைத் தேடுங்கள். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், எங்கள் தோட்டத்து மாதா கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆனது. கடைசியில் அது சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில், பழைய மண்டோரின் (தோட்டக் கங்காணியின்) மருமகள் வீட்டுச் சுவரில், செபமாலையோடு ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "யாராச்சும் வந்து கேப்பாங்க, கேட்டா குடுத்துருன்னு சொல்லிட்டுத்தான் மாமா கண்ண மூடுனாரு" என்றார் அந்த அக்கா. பதினெட்டு வருஷமாக யாரும் போய்க் கேட்கவில்லை.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் இருபத்தாறு வருஷம் கணக்கெழுதினேன். சிமெண்டு, ஓடு, பலகை, ஆள் கூலி எல்லாம் என் பேரேட்டில் ஏறியவை. என் தாத்தா இந்தக் கோயிலின் உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறை பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொன்னது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தியது, இறந்தவர்களுக்கு அடக்கச் செபம் சொன்னது எல்லாம் தாத்தாதான். கோயில் சின்னது. நாற்பது பேர் உட்காரலாம். கதவுக்கு மேலே சுண்ணாம்பில் வருஷத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். கடைசி இரண்டு எண்கள் உதிர்ந்து 19 மட்டும் மிச்சம்.

நிபோங் திபால், பத்து காவான் வட்டாரத்தில் 1840களிலேயே கரும்புத் தோட்டங்கள் வந்துவிட்டன. அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை. தோட்டம் கைமாறி, லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்து, ஜனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில்களுக்குச் சிதறிப்போன ஊரே திரும்பி வந்து திருவிழா எடுக்கிறது. பத்துப் பதினைந்து குடும்பங்களின் கோயிலாக இருந்த சின்ன மாதா கோயில்கள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. அப்படி ஒன்று உங்கள் ஊர்ப் பக்கம் செம்பனைக்கு நடுவில் நின்றால், அதைத் திறந்து எல்லாருக்கும் பயன்படும் இடமாக மாற்ற முடியும். நாங்கள் செய்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு யார் வருவார்?

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1888இல் கட்டிய பழைய கோயில் 1948–60 அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) கைவிடப்பட்டுக் காடு மண்டிக் கிடந்தது. பிறகு மீட்டெடுத்தார்கள். இன்றைக்கு ஜூலைத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து கூட்டம் வருகிறது. ஆனால் அது யாத்திரைத் தலம். நம்முடைய தோட்டத்துக் கோயிலுக்கு அந்தக் கூட்டம் வராது. வருஷத்தில் ஒரு நாள் திருவிழாவை நம்பிக் கட்டடத்தைப் பழுதுபார்த்தால், மிச்சம் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் மறுபடியும் கரையானுக்குத்தான். சாதாரணமான ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கதவுக்குள் யார் நுழைவார், எதற்காக நுழைவார்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு டின் சாயம்கூட வாங்க வேண்டாம்.

பதிலைக் கூட்டம் போட்டு வாங்குவது கடினம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் ஜனங்கள் மரியாதைக்கு எதையாவது சொல்வார்கள்: ஃபுட்சால் திடல், கல்யாண மண்டபம். நாங்கள் கோயிலுக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) வைத்தோம். புல் வெட்டி முடித்து, மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். "போன வாரம் எந்த நாள் உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருந்துச்சு?" அப்போதுதான் உண்மையான பதில்கள் வந்தன.

மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பெற்றோர் பத்து காவான் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுவதால், தமிழ்ப்பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைவரை இருக்க இடமில்லை. தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த கிழவிகள் இன்று வெவ்வேறு மாடிகளில் இருக்கிறார்கள். பேசிக்கொள்ள சாவு வீடு மட்டும்தான் மிச்சம். அந்தச் சாவு வீடோ அடுக்குமாடியில், நாற்காலி போட இடமில்லாமல், பெரிய அண்டா இல்லாமல் திண்டாடுகிறது. பிள்ளைகள், கிழவிகள், சாவு வீடு. எங்கள் மண்டபத்தின் வேலை இந்த மூன்றும்தான் என்று அன்றைக்கே தீர்மானித்தோம்.

கல்யாண மண்டபம் வேண்டாம் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். சனி ஞாயிறு மட்டும் திறந்து, மற்ற நாள் பூட்டியே கிடக்கும். காடிகள் (கார்கள்) நிற்க இடம் வேண்டும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அக்கம்பக்கம் பகையாகும். பணம் வரும், உண்மை. ஆனால் அந்தக் கிழவிகள் மறுபடியும் வெளியே நிற்பார்கள்.

அக்கம்பக்கத்தாரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது எங்கள் பகுதியில் மலாய்க் கம்பம் (கிராமம்) ஒன்று, சீனர் காய்கறித் தோட்டம் சில, செம்பனையில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பிகள். மலாய்க்கார மாக்சிக் (அத்தை வயசுப் பெண்) ஒருவர் கோயிலுக்குள் வரத் தயங்கினார். அது அவருடைய மனசு. அதனால் முன்பக்கத் தாழ்வாரத்தையும் மரத்தடியையும் பொது இடமாக வைத்தோம். பசியாறல் அங்கே நடக்கும், எல்லாரும் வரலாம். பொதுச் சமையலில் பன்றி இறைச்சியும் மதுவும் கிடையாது. எந்த மதத்தின் பிரசாரத் தாளும் மேசைமேல் இருக்கக்கூடாது. இதை எழுதியே ஒட்டினோம், மூன்று மொழியிலும்.

நிலம் யாருடையது?

கோயில் நம்முடையது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வமாகத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். கிராண்ட் (நிலப் பட்டா) மறைமாவட்ட ஆயர் பெயரில் இருந்தால் பங்குச் சாமியார் வழியாக ஆயர் அலுவலகத்தோடு பேசினால் போதும். பல தோட்டத்துக் கோயில்களுக்குத் தனிக் கிராண்டே கிடையாது. துரை காலத்தில் வாய்ச்சொல்லில் கொடுத்த இடம். தாள் எல்லாம் கம்பெனி பெயரில். எங்களுடையது அப்படித்தான். தோட்டம் கைமாறும்போது கோயிலும் செம்பனையோடு சேர்ந்து கைமாறியிருந்தது.

இப்படி இருந்தால் புது உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். "பாத்துக்கிட்டுப் பயன்படுத்துங்க" என்ற வாய்ச்சொல்லை நம்பி கூரைக்குப் பணம் போடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை நிலச் சட்டப்படி பதிவுசெய்ய வேண்டும். ஒரு நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் குத்தகைக்கு எடுத்தால் அதிகபட்சம் 30 வருஷம். முழு நிலம் என்றால் 99 வருஷம். பதிவுசெய்த குத்தகை இருந்தால், நாளைக்கு நிலம் இன்னொருவர் கைக்குப் போனாலும் அவர் உங்களை வெளியே போகச் சொல்ல முடியாது. கிராண்டில் நில வகை விவசாயம் என்று இருந்தால் அதையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டிவரும். அது மாநில அரசின் முடிவு, மெதுவாக நகரும். ஆகவே முதல் மாதமே தொடங்கிவிடுங்கள்.

கோயிலைச் சுற்றிக் கல்லறை இருக்கிறதா என்று வயசானவர்களிடம் கேளுங்கள். பேர்க்கல் இல்லாமல் இருக்கும். எங்கள் தென்பக்கம் வெறும் புல்தரை என்று நினைத்துத்தான் கழிப்பறைக்குக் குறி போட்டோம். என் சின்னம்மா பார்த்துவிட்டு, "அங்க மூணு பிள்ளைங்க இருக்குதுங்க, காய்ச்சல்ல போனதுங்க" என்றார். கழிப்பறையைப் பின்பக்கம் நகர்த்தினோம். அந்த இடத்தைச் சுற்றி நான்கு செம்பருத்தி வைத்திருக்கிறோம்.

ஆயரிடம் கேட்க வேண்டியது

பூசை நின்றுபோனதால் மட்டும் கோயில் சாதாரணக் கட்டடம் ஆகிவிடாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. புனித இடத்தில் எப்போதாவது வேறு நல்ல காரியம் நடத்த ஆயர் அனுமதி தரலாம். அது 1210ஆம் விதி. நிரந்தரமாக வேறு பயனுக்கு விடுவது என்றால் 1222ஆம் விதி: பழுதுபார்க்க வழியில்லாவிட்டாலோ வேறு கனத்த காரணம் இருந்தாலோ, ஆயர் அந்தக் கோயிலை உலகக் காரியத்துக்கு விடலாம். ஆனால் அந்தக் காரியம் இழிவானதாக இருக்கக்கூடாது. கனத்த காரணம் என்றால் குருக்கள் மன்றத்தையும் கலந்துபேச வேண்டும், கோயிலில் உரிமை உள்ளவர்களும் சம்மதிக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிக்கமாட்டார்கள். கோயிலை விட்டாலும் பீடம் தன் புனிதத்தை இழக்காது. அது 1238ஆம் விதியில் இருக்கிறது. அதனால் பீடத்தை மேசையாக்கி அதன்மேல் கெத்தல் (தேநீர்க் கெண்டி) வைப்பது நடக்காது.

சாமியாரிடம் போகும்போது ஒரு பட்டியலோடு போங்கள்: பீடம், அதற்குள் புனிதர் பண்டம் (புனிதரின் எலும்பு போன்ற திருப்பொருள்) உண்டா, நற்கருணைப் பேழை, சுரூபங்கள், சிலுவைப் பாதைப் படங்கள், மணி, திருமுழுக்குத் தொட்டி. ஒவ்வொன்றும் எங்கே போகும், யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார் என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த ஏற்பாடு இது: பீடமும் அதைச் சுற்றிய மேடையும் மடக்குக் கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கும், ஆண்டுத் திருவிழாவுக்குத் திறக்கும். முன்பக்கம் மண்டபம். மாதா சுரூபம் அதே மாடத்தில் நிற்கிறாள். அவளை வேறு கோயிலுக்கு எடுத்துப்போகலாம் என்று பேச்சு வந்தபோது கிழவிகள் ஒரே குரலாக மறுத்துவிட்டார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் கோயில்களுக்கு அவரவர் சபை முறை வேறு. அந்தந்தத் தலைமையைக் கேட்க வேண்டும்.

ஞானஸ்நானப் பதிவேடு பங்குக் கோயிலில் இருக்கும். அதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். யார் யாருடைய பிள்ளை இங்கே ஞானஸ்நானம் பெற்றது என்று தெரிந்தால், எந்தெந்த ஊருக்குப் போய்க் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும். எங்கள் முதல் நன்கொடைகள் அப்படித்தான் வந்தன.

தண்ணீர்

கட்டட வேலையில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நல்ல மழை நாளில் குடையோடு கோயிலுக்குள் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கையில் சுண்ணக்கட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டும் ஒவ்வொரு இடத்திலும் தரையில் வட்டம் போடுங்கள். அப்புறம் வெளியே வந்து சுவரோரம் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. மழையில் குறித்துக்கொண்டு, மழை குறைந்த மாதங்களில் வேலையை வையுங்கள்.

பழைய கூரையில் இருப்பது மார்செய்ல்ஸ் வகைக் கொக்கி ஓடாக இருக்கலாம். ஊரில் மங்களூர் ஓடு என்பார்களே, அதே குடும்பம். புரட்டிப் பார்த்தால் செய்தவர் முத்திரை அடியில் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தகரம் போடலாம் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். தகரத்துக்கு அடியில் மழை நேரம் பிள்ளைக்குப் பாடம் சொல்ல முடியாது, வெயில் நேரம் உட்கார முடியாது. நல்ல ஓடுகளையெல்லாம் சாலைப்பக்கச் சரிவில் சேர்த்து, குறைக்கு இடித்த கடைவீடுகளிலிருந்து பழைய ஓடு வாங்கிப் பின்பக்கம் போட்டோம். வளையாத, விரிசல் இல்லாத ஓடுதானா என்று ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் கேளுங்கள். நல்ல ஓடு மணிபோல் ஒலிக்கும்.

உத்தரங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எல்லாக் கெடுதலும் அங்கேதான் தொடங்கும். முழு உத்தரத்தையும் மாற்றத் தேவையில்லை. அழுகிய முனையை வெட்டிவிட்டுச் செங்கால் என்னும் உறுதியான மரத்தை இணைக்கும் தச்சரைத் தேடுங்கள். கரையான் மண்கோடு தெரிந்தால் அதைச் சுரண்டிவிட்டுச் சாயம் அடிப்பது வீண். அது எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து, அந்த இடத்து ஈரத்தை நிறுத்துங்கள். மருந்து அதற்குப் பிறகு. பின்னறைக்கு நெளிவுத் தகடு போட்டிருந்தால், அது பழைய அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைக்காதீர்கள், துளைபோடாதீர்கள், கோத்தோங் ரோயோங்கில் பிள்ளைகளைக் கொண்டு சுமக்கவைக்காதீர்கள். அதற்குப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். வௌவால் எச்சத்தையும் காய்ந்த நிலையில் பெருக்கக்கூடாது. நனைத்து, முகமூடி போட்டு அள்ளுங்கள். வௌவால்களைக் கொல்ல வேண்டியதில்லை. குட்டிகள் இல்லாத காலமாகப் பார்த்து, அந்தியில் அவை பறந்த பிறகு ஓட்டைகளை வலையால் மூடுங்கள்.

இப்போது சுவர். எங்கள் பெரிய தவறு இதில்தான் நடந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்பு வழியாக வெளியேறும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். நாங்கள் முதலில் பிடித்த ஒப்பந்ததாரர் தெற்குச் சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் சிமெண்டு பூசிக் கொடுத்தார். நானே பில்லுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. எட்டாவது மாதம் பூச்சுக்கு மேலே உப்புப் பூத்தது. கைமுட்டியால் தட்டினால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் வெற்றுச் சத்தம். உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தோம். உள்ளே செங்கல் ஈரத்தில் ஊறி, புட்டு மாவுபோல் விரலில் உதிர்ந்தது. சிமெண்டு ஈரத்தை உள்ளே பூட்டிவிட்டது. அதை அப்படியே விட்டிருந்தால் நூறு வருஷம் நின்ற சுவர் இன்னும் பத்து வருஷம் நின்றிருக்காது.

அதனால் சிமெண்டு பூச்சு இருந்தால் மெதுவாக, கைஉளியால் எடுங்கள். எந்திரம் வேண்டாம், செங்கல் போய்விடும். சுவரடியில் லோங்காங்கை (சாக்கடைக் கால்வாயை) சுத்தம் செய்து, வெளித்தரை சுவரைவிட உயர்ந்திருந்தால் வெட்டித் தாழ்த்தி, சில மாதம் காயவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றி, தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய்போல் இருக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. சுவரை நனைத்துக்கொண்டு, ஒரு பூச்சு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். வெயில் படாமல் நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, பல நாள் ஈரமாகவே வையுங்கள். சீக்கிரம் காய்ந்தால் மாவாகிவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும். பழைய ஆட்கள் கருப்பட்டி, முட்டை வெள்ளை, கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்தார்கள். நாங்கள் எதுவும் சேர்க்கவில்லை. நன்றாகவே பிடித்துக்கொண்டது.

சாயம் தேர்ந்தெடுக்கும் முன் பழைய சாயத்தைக் கேளுங்கள். செபஸ்தியார் மாடத்துக்குக் கீழே சின்னக் கத்தியால் ஒரு தபால்தலை அளவுக்குச் சுரண்டினேன். மேலே பால்நிற எமல்ஷன். அதற்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை. அதற்கும் கீழே, வெளிறிப்போன ஒரு நீலம். எண்பத்தொரு வயசுச் சின்னம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். "நம்ம நீலம்தாண்டி இது. திருநாளுக்கு மொத வாரம் பொம்பளைங்க எல்லாம் சேந்து துணிக்குப் போடற நீலத்தைச் சுண்ணாம்புல கரைப்போம். உங்க பாட்டிதான் பதம் பாப்பா" என்றார். ஜோர்ஜ்டவுன் லீத் தெருவில் எல்லாரும் படம் பிடிக்கும் சியோங் ஃபாட் ட்ஸி மாளிகையின் நீலமும் சுண்ணாம்பில் அவுரி கலந்ததுதான். எங்கள் பாட்டிமார் அதையே சலவை நீலத்தில் செய்திருக்கிறார்கள்.

அதே நீலத்தை அடித்தோம். ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் பாதிக்கு மேல் வெளுத்துவிடும். ஆகவே ஒரு சதுர அடி அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்க்காமல் முழுச் சுவருக்குப் போகாதீர்கள். ஒரே வாளியில் முழுச் சுவருக்கும் வேண்டிய அளவைக் கலக்குங்கள். இரண்டாம் வாளி ஒருநாளும் அதே நிறத்தில் வராது. பால்போல் மெல்லிசாக ஐந்து பூச்சு. சுரண்டிய அந்தத் தபால்தலை இடத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம்.

மாநகர் மன்றம், பொம்பா, மின்சாரம்

கட்டடத்தின் பயனை மாற்றுவதே 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி மேம்பாடுதான். ஆகவே செபராங் பிறை மாநகர் மன்றத்தில் திட்ட அனுமதி வேண்டும். சுவரில் கை வைப்பதென்றால் கட்டட வரைபட அனுமதியும் சேரும். இதற்குப் பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் தேவை. நம் பிள்ளைகளில் ஒருவர் அந்தத் துறையில் இருப்பார், கேட்டுப் பாருங்கள். பொம்பா (தீயணைப்புத் துறை) பார்ப்பது முக்கியமாக வெளியேறும் வழி. பழைய கோயில் கதவுகள் உள்பக்கம் திறக்கும். ஆள் கூடும் இடத்தில் அது ஆபத்து. நாங்கள் முன்கதவை அப்படியே வைத்து, நிகழ்ச்சி நேரம் கொக்கி போட்டுத் திறந்தே நிறுத்துகிறோம். பக்கக் கதவை வெளியே திறக்கும்படி மாற்றினோம்.

ஜோர்ஜ்டவுன் 2008இல் உலக மரபுடைமைத் தளமானது. அங்கே உள்ள கட்டடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. எங்களைப் போன்ற தோட்டத்துக் கோயில்கள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே நடத்துங்கள்.

மின்கம்பி முழுவதையும் புதிதாக இழுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளர் செய்து கையெழுத்துப் போட வேண்டும். சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் கம்பியைப் புதைக்க வேண்டாம். குழாயில் வெளியே ஓடட்டும். குளிர்சாதனம் வேண்டாம். உயரக் கூரையும் மேல்சாளரமும் இருக்கும்போது விசிறி போதும்.

படியில் ஏற முடியாதவர்களுக்குச் சரிவுப்பாதை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. வாசல் 30 சென்டிமீட்டர் உயரமென்றால் பாதை 3.6 மீட்டர் நீளம். எங்கள் கிழவிகளில் நான்கு பேர் சக்கர நாற்காலி. இந்தப் பாதை இல்லாவிட்டால் யாருக்காகத் திறந்தோமோ அவர்களே உள்ளே வர முடியாது.

பெஞ்சுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எங்களுடையதில் ஒன்றின் முதுகில் யாரோ ஒரு பையன் ஆணியால் "சூசை" என்று கீறியிருக்கிறான். பாதியைச் சுவரோரம் வைத்தோம், மீதி தாழ்வாரத்தில். உள்ளே எதிரொலி அதிகம். பத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் ஒன்றும் விளங்காது. தரையில் கயிற்றுப் பாயும் பின்சுவரில் கெட்டித் துணியும் போட்டதும் அடங்கியது.

பணம்

சங்கமாகப் பதிவுசெய்ய 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும். அல்லது பங்குக் கோயிலின் கிளையாக, அவர்கள் கணக்கிலேயே நடத்தலாம். வேலை குறையும், சுதந்திரமும் குறையும். எப்படியானாலும் காசோலைக்கு இரண்டு கையெழுத்து, இரண்டும் வெவ்வேறு குடும்பம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்பிக்கை இல்லாததால் செய்வதல்ல இது, நம்பிக்கை கெடாமல் இருக்கச் செய்வது. நன்கொடைக்கு வரிவிலக்கு வேண்டுமானால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். மாநில அரசு இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கு ஒரு நிதி வைத்திருக்கிறது. உங்கள் கோயில் மண்டபமாக மாறிய பிறகும் அதற்குள் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கட்டட வேலை, மாதச் செலவு, கூரை. கூரைக்கு என்று ஒதுக்கியதை வேறெதற்கும் எடுக்கக்கூடாது. ஒப்பந்ததாரரிடம் நான் பார்த்த இடிந்த பழைய கட்டடங்களில் பாதிக்கு மேல் நான்கு ஓடு மாற்றப் பணமில்லாமல் இடிந்தவை.

கர்னி டிரைவ் பக்கம் பழைய சூசையப்பர் நவத்துறவு மடம் இன்று ஒரு பேரங்காடியின் முற்றத்தில் நிற்கிறது. கட்டடம் பிழைத்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் செம்பனைக்கு நடுவில் கடை போட யாரும் வரமாட்டார்கள். நம்மைக் காப்பாற்றுவது நாற்காலியும் அண்டாவும்தான். அறுபது நாற்காலி, நான்கு அண்டா, இரண்டு கூடாரம் வாங்கினோம். சாவு வீட்டுக்கு வாடகை கிடையாது. மற்ற விசேஷத்துக்கு உண்டு. மாத மின்சாரமும் தண்ணீரும் அதிலேயே அடைந்துவிடுகிறது.

சாவியை யாரிடம் கொடுப்பது?

மூன்று பேரிடம். ஒருவரிடம் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த நாள் மண்டபம் மூடிவிடும். ஐந்து பேரிடம் இருந்தால் யாரும் பொறுப்பில்லை. எங்களுடைய மூவரில் ஒருவர் அந்தச் சாவியைப் பதினெட்டு வருஷம் ஆணியில் வைத்திருந்த அக்கா.

முதல் ஆறு மாதம் ஒரே ஒரு நாள் மட்டும் திறந்தோம், வியாழக்கிழமை, இரண்டு மணியிலிருந்து ஆறு மணி. எத்தனை பேர் வந்தாலும், யாருமே வராவிட்டாலும் திறந்தோம். இரண்டாம் வாரம் மழை. நானும் ஒரு நாயும்தான். ஏழாம் வாரம் பதினொரு பிள்ளைகள். நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். வாரம் ஐந்து நாள் என்று அறிவித்து இரண்டு நாள் மூடியிருந்தால் ஜனங்கள் அடுத்த முறை நம்பி வரமாட்டார்கள். இப்போது பிள்ளைகளுக்குத் திங்கள், செவ்வாய், வியாழன் படிப்பு. புதன் காலை கிழவிகளின் பசியாறல்: இட்லி ஒரு வாரம், நாசி லெமாக் ஒரு வாரம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இரத்த அழுத்தம் பார்க்கிறார். கணினி மூலை ஒன்று போட்டோம். உப்பு ஈரத்தில் கெட்டுப்போனது, எடுத்துவிட்டோம்.

புதன்கிழமைகளில் மேசைமேல் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் இருக்கும். கிழவிகள் சொல்லச் சொல்ல மூன்றாம் படிவப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்: எந்த லயத்தில் எந்த வீட்டில் யார், ஆயாக்கொட்டகை (பிள்ளை காப்பகம்) எங்கே இருந்தது, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்குத் தப்பு அடித்தது, சப்பரம் எந்தப் பாதையில் சுற்றியது. படமும் வரைகிறார்கள். இதை முதல் மாதமே தொடங்குங்கள். நாங்கள் கூரை வேலை முடியட்டும் என்று காத்திருந்தோம்; அந்த இடைவெளியில் இருவர் போய்விட்டார்கள்.

மணியைப் பற்றி ஒன்று. அடிப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நாங்கள் கம்பத்து சுராவ் (சிறு தொழுகை இல்லம்) பெரியவரிடம் போய்க் கேட்டோம். எங்கள் நேரம் அவர்கள் தொழுகை நேரத்தில் விழாமல் இருந்தால் போதும் என்றார். வியாழன் இரண்டு மணிக்கு மூன்று முறை அடிக்கிறோம், கதவு திறந்தாயிற்று என்று. முதலில் வரும் பிள்ளைக்குத்தான் அந்த உரிமை. அதனால் ஒன்றரை மணிக்கே வாசலில் செருப்புகள் கிடக்கும். நைலான் கயிறு வேண்டாம், சின்னக் கையை அறுக்கும்; பருத்திக் கயிறு வாங்கி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.